21,240 ரூபாய்க்கு நான் வாங்கிய ‘காய்ச்சிய நெத்திலி’: விளம்பர வாசகம் எழுத ஆள் தேடுபவர்கள் கவனத்துக்கு

பாம்பனில் எங்கள் வீட்டுத் தொழில் கருவாடு. அம்மா முப்பது வருடமாகச் சந்தையில் உட்கார்ந்து விற்கிறார். நான் மூன்று வருடமாக அதே கருவாட்டைப் பையில் அடைத்துப் பார்சலில் அனுப்புகிறேன். போன மாதம் மண்டபம் ஊரில் கடற்பாசிப் பொருள்கள் விற்கும் தம்பி ஒருவர், ஒரு காப்பிரைட்டரிடம் முன்பணம் கொடுக்கப் போவதாகச் சொன்னார். போன் நம்பரைக் கேட்டால், என்னை ஏமாற்றிய அதே ஆள். தம்பியைத் தடுத்துவிட்டேன். எல்லோரையும் போன் போட்டுத் தடுக்க முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆளின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும் வரை வாயை மூடிக்கொண்டிரு என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பாதி வாயைத் திறக்கிறேன்.

விஷயம் இப்படி ஆரம்பித்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. வரத்து குறையும், கருவாட்டைத் தேடி ஆள் வரும். அதற்குள் புதுப் பை, புது இணையப் பக்கம் எல்லாம் தயாராக இருக்க வேண்டுமென்று நினைத்தேன். வாசகம் எழுத எனக்கு வராது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ரீல்ஸில் ஒருவர் ‘வார்த்தையை மாற்றுங்கள், விற்பனை மூன்று மடங்கு’ என்று பேசிக்கொண்டிருந்தார். காப்பிரைட்டர் என்றால் காப்பிரைட் வாங்கித் தருகிறவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். விளம்பர வாசகம் எழுதுகிறவர் என்று அவர்தான் விளக்கினார். காப்பி அடிக்கிற ரைட்டர் என்கிற மூன்றாவது அர்த்தம் பிற்பாடு தெரிந்தது.

அவரிடமே வேலையைக் கொடுத்தேன்: இணையப் பக்கம், பையின் பின்பக்க வாசகம், பத்து வாட்ஸப் செய்திகள். மொத்தம் 18,000, அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று 3,240. ஆக 21,240. முழுப்பணமும் முன்னாலேயே. பில்லில் ஜிஎஸ்டி நம்பரே இல்லை என்பதை நான் கவனித்தது நான்கு மாதம் கழித்து. நம்பர் இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. நம்பர் கொடுத்தாலும் ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் யாருடையது என்று இலவசமாகத் தெரிந்துவிடும்.

எங்கள் முதல் பேச்சு ஆறு நிமிடம். பிராண்ட் கலர் என்ன, டார்கெட் ஆடியன்ஸ் யார், அவ்வளவுதான் கேட்டார். அரைக் கிலோ நெத்திலி அனுப்பி வைக்கிறேன், பார்த்துவிட்டு எழுதுங்கள் என்றேன். “நான் சைவம் சார், வேண்டாம்” என்றார். சைவமாக இருப்பது குற்றமில்லை. வீட்டில் பக்கத்து ஆளிடம் கொடுத்தாவது என்ன சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கலாம். எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

பத்து நாளில் தருவதாகச் சொன்னது ஐந்து வாரம் கழித்து, மார்ச் கடைசியில் வந்தது. அச்சகத்தில் பைக்கு நாள் கொடுத்துவிட்டேன், அவசரம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். ‘பாரம்பரிய முறைப்படி காய்ச்சிய எங்கள் நெத்திலிக் கருவாடு’ என்ற இடத்தில் நிறுத்தினார்.

“கருவாட்ட யாருப்பா காய்ச்சுனது?”

எழுத்துப் பிழை என்றேன். அடுத்த வரி, ‘வாடைக் காற்றில் பக்குவமாக உலர்ந்தது’. அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாடை அடிக்கிற ஐப்பசி, கார்த்திகையில்தான் எங்கள் பக்கம் மழை. பரப்பிய மீனை நாளைக்கு நாலு தடவை அள்ளி உள்ளே போடுகிற காலம் அது. அது போக, கருவாடு வாங்க வருகிறவரிடம் வாடை என்ற சொல்லை எந்த வியாபாரியாவது வாயால் சொல்வாரா?

இங்கே என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். “அதெல்லாம் மார்க்கெட்டிங்மா, உனக்குத் தெரியாது” என்று சொன்னேன். ‘காய்ச்சிய’ என்பதை மட்டும் ‘காயவைத்த’ என்று மாற்றிவிட்டு, மற்றதை அப்படியே 2,000 பையில் அச்சடித்தேன். அதில் ‘உப்பு சேர்க்காதது’ என்று ஒரு வரியும், ‘சர்க்கரை நோயை விரட்டும்’ என்று ஒரு வரியும் இருந்தன. நாங்கள் உப்புப் போட்டுத்தான் காயவைக்கிறோம். சர்க்கரைக்கும் நெத்திலிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பணம் கொடுத்து வாங்கியது, நம்மைவிட விவரம் தெரிந்தவர் எழுதியது என்ற நினைப்பு கண்ணை மறைத்துவிட்டது.

மே மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. “எங்கப்பாவுக்கு பிரஷர் தம்பி. உப்பு சேர்க்காததுன்னு போட்டிருந்ததாலதான் வாங்கினேன். வாயில வச்சா கரிக்குது.” நல்லவேளை, வாயில் வைத்ததோடு நிறுத்திவிட்டார்கள். பணத்தைத் திருப்பி அனுப்பினேன், மன்னிப்பும் கேட்டேன். அன்றைக்கு இரவே பைகளைக் கட்டி ஓரமாக வைத்தேன். 400 பை அதற்குள் போயிருந்தது. முகவரி இருந்த எல்லோருக்கும் உப்பு உண்டு என்று வாட்ஸப் அனுப்பினேன்.

அப்புறம் தெரிந்தவரிடம் விசாரித்ததில் வயிற்றைக் கலக்கியது. உணவுப் பொருள் ஒரு நோயைத் தீர்க்கும், தடுக்கும் என்று தனி அனுமதி இல்லாமல் போடக்கூடாதென்று 2018-இல் வந்த உணவு விளம்பர விதிமுறை சொல்கிறது. தவறான விளம்பரத்துக்கு 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. பையில் இருப்பது என் பெயர், என் உரிம எண். அதிகாரி வந்து நின்றால் என்னிடம்தான் நிற்பார், சென்னையில் உட்கார்ந்து எழுதியவரைத் தேடிப் போகமாட்டார்.

அந்த நோய் வரி எங்கிருந்து வந்தது என்பது ஜூனில் தெரிந்தது. ராமநாதபுரம் பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு கடையில் சாயல்குடிக் கருப்பட்டி வாங்கினேன். பஸ்ஸில் வரும்போது சும்மா பையைத் திருப்பினேன். ‘பாரம்பரிய முறைப்படி காய்ச்சிய எங்கள் கருப்பட்டி.’ முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை என் பைதான். ‘சர்க்கரை நோயை விரட்டும்’ உட்பட. பதநீரைக் காய்ச்சுவார்கள், சரி. கருப்பட்டிக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றி எனக்கு விற்றிருக்கிறார், ‘காய்ச்சிய’ மட்டும் மாற்ற விட்டுப்போயிருக்கிறது. வீட்டுக்கு வந்து அந்த வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளில் தேடினேன். ஒரு மலைத்தேன், ஒரு மூலிகைத் தூள், ஒரு செக்கு எண்ணெய் என்று வரிசையாக வந்தன.

போன் செய்து கேட்டேன். கொஞ்சமும் அசரவில்லை. “எழுதினது நான் சார். காப்பிரைட் என்னோடது. யாருக்கு வேணா கொடுப்பேன்.”

கோபத்தில் வக்கீலிடம் ஓடினால், அந்த ஒரு விஷயத்தில் ஆள் சொல்வது சரி என்கிறார். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் எழுதினால் உரிமை முதலாளிக்கு. வெளியாள் எழுதிக் கொடுத்தால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை எழுதியவருக்கே. காசு கொடுத்துவிட்டோம் என்பதால் நமக்கு வந்துவிடாது. உரிமையை மாற்றித் தருவதாக எழுத்தில், கையெழுத்தோடு வாங்க வேண்டும். அதிலும் எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான் என்று கணக்காம். என் பில்லில் ‘கன்டென்ட் சர்வீஸ்’ என்று இரண்டே சொல். எனக்காகப் புதிதாக எழுதுவதாகச் சொல்லிப் பழையதை விற்றது சேவைக் குறைபாடு, அந்த வழியில் போகலாம் என்று வக்கீல் சொன்னார். வியாபாரத்துக்கு வாங்கியவன் நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஆனால் சுயதொழில் செய்து அதில் மட்டும் பிழைப்பவனுக்கு நுகர்வோர் சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட வழக்கென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. நோட்டீஸ் போனதும் 5,000 ரூபாயை ஜிபேயில் தள்ளிவிட்டு என் நம்பரை பிளாக் செய்தார். மீதிக்குப் புகார் ஓடிக்கொண்டிருக்கிறது.

பை இல்லை, வாசகம் இல்லை, சரக்கு இருக்கிறது. வேறு வழியில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அம்மா பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்தேன். விலை கேட்டுவிட்டு நகரப் பார்த்த ஒரு அம்மாவிடம், ஒரு நெத்திலியை எடுத்து இரண்டு விரலால் முறித்தார். டக் என்று சத்தம். “கேட்டுச்சா? வளைஞ்சா வாங்காதீக.” அப்புறம் ஒரு கைப்பிடியை உள்ளங்கையில் தேய்த்து, கையை விரித்துக் காட்டினார். மணல் இல்லை. நாங்கள் தரையில் போடுவதில்லை, பரண் கட்டி வலையில் காயப்போடுகிறோம். அதை அம்மா ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, கையை மட்டும் காட்டினார். அந்த அம்மா அரைக் கிலோ வாங்கிப் போனார்.

அதைத்தான் எழுதினேன். ‘முறித்தால் ஒடியும். வளைந்தால் திருப்பி அனுப்புங்கள். உப்புப் போட்டது, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து அலசினால் கரிப்பு குறையும். தலை கிள்ளியது. வலைப்பரணில் காயவைத்தது, மணல் இருக்காது.’ சாதாரணப் பையில் ஸ்டிக்கராக ஒட்டினேன். விற்பனை மூன்று மடங்கெல்லாம் ஆகவில்லை. மணல் இருக்குமா, உப்பு எப்படி என்று கேட்டு வரும் போன் கிட்டத்தட்ட நின்றுவிட்டது, முன்பு வாங்கியவர்கள் திரும்ப வாங்குகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு எழுத்துக்காரர் யாருமே வேண்டாம் என்று முடிவெடுக்காதீர்கள். இணையப் பக்கத்துக்கு ஆங்கில வாசகம் தேவைப்பட்டது, அது என்னால் ஆகாது. ராமநாதபுரத்திலேயே ஒரு பெண் 4,000 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தார். எழுதுவதற்கு முன் நேரில் வந்து இரண்டு மணி நேரம் என்னையும் அம்மாவையும் கேள்வியால் குடைந்தார். திரும்ப வந்த பார்சல்கள் ஏன் வந்தன என்று கேட்டார். அவர் கேட்ட இன்னொன்று எனக்கு மூன்று வருடத்தில் தோன்றவே இல்லை: “பார்சலை ஆபீசுக்கு வரவழைப்பாங்க. மேசையில வச்சா பக்கத்து சீட்டுக்கு வாடை போகுமா?” நாங்கள் இரட்டைப் பை போட்டு ஒட்டுகிறோம், போகாது. அது அவர் எழுதியதில் இரண்டாவது வரியாக வந்தது. வெளியூர்க்காரர்களிடமிருந்து வரும் ஆர்டரில் பாதிப் பேர் அதைச் சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள்.

அவர்தான் விளம்பர வாசகம் எழுதிப் பேர் வாங்கிய டேவிட் ஒகில்வியின் கதையைச் சொன்னார். 1958-இல் ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு விளம்பரம் எழுத அந்த மனிதர் மூன்று வாரம் காரைப் பற்றிப் படித்துக்கொண்டே இருந்தாராம். அறுபது மைல் வேகத்திலும் காருக்குள் பெரிய சத்தம் கடிகாரச் சத்தம்தான் என்ற அந்தப் பிரபலமான வரிகூட அவர் சொந்தமாக யோசித்ததில்லை, ஒரு மோட்டார் பத்திரிகையில் வந்திருந்தது. என் ஆள் மூன்று வாரம் படிக்க வேண்டாம், ஒரு நெத்திலியைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தாலே போதும்.

உங்களிடம் ஆள் வந்தால் பணத்துக்கு முன்னால் அவர் எத்தனை கேள்வி கேட்கிறார் என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள். உரிமை யாருக்கு, எத்தனை வருடத்துக்கு, எத்தனை தடவை திருத்தித் தருவார் என்று எழுதி வாங்குங்கள். வந்த வாசகத்தில் இரண்டு மூன்று வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிய பிறகு அச்சுக்குக் கொடுங்கள். அதற்கும் முன்னால், பொருளைச் செய்கிறவரிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் சிரித்தால் நிறுத்திவிடுங்கள்.

‘பாரம்பரிய முறைப்படி காய்ச்சிய எங்கள்’ என்று தொடங்கி, ‘இயற்கையின் கொடை, உங்கள் இல்லம் தேடி’ என்று முடியும் வாசகம் யாருக்காவது வந்திருந்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள். புகாரோடு சேர்க்க இதுவரை ஆறு பை கிடைத்திருக்கிறது. என்னுடைய 1,600 பை கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, அம்மா அதில் புளியும் மிளகாய் வற்றலும் போட்டு வைக்கிறார்.