‘போர்டு எரிந்துவிட்டது’ என்றார்கள்; அழிந்திருந்தது வெறும் 64 பைட்

தண்டையார்பேட்டையில் சிறியதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறேன். போன மாதம் நடந்ததை இன்னும் ஆத்திரம் தணியாமல்தான் எழுதுகிறேன். ஹார்ட் டிஸ்க்கில் படங்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

ராயபுரத்தில் எடுத்த ஒரு கல்யாணத்தின் படங்களை 1 டிபி டிஸ்க்குக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய் வந்தது. அதன்பின் டிஸ்க் திறக்கவில்லை. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் பார்த்தேன்: அளவு 931 ஜிபி என்று சரியாகவே காட்டியது, பக்கத்தில் ‘நாட் இனிஷியலைஸ்டு’ என்றிருந்தது. இனிஷியலைஸ் செய்யலாமா, அதாவது புது டிஸ்க்கைப் போலத் தயார்செய்யலாமா என்று கணினி கேட்டது. பயந்துபோய் வேண்டாம் என்று அழுத்திவிட்டு, திரையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் கொடுத்தேன். “டிஸ்க்கின் சர்க்யூட் போர்டு எரிந்துவிட்டது சார், டிஸ்க் கணினியிலேயே ஏறவில்லை, 18,000 ரூபாய் ஆகும்” என்றார் அங்கிருந்தவர். சோதனைக் கட்டணம் என்று 2,500 ரூபாய் முன்பணம் வாங்கினார். நான்கு முறை அலையவிட்டு, பத்தாம் நாள் எல்லாம் போய்விட்டது என்று டிஸ்க்கைத் திருப்பிக் கையில் திணித்தார். பணம் வரவில்லை. கல்யாண வீட்டாரிடம் என்ன சொல்வது என்று அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

வியாசர்பாடியிலிருக்கும் அக்கா மகன் வந்து டிஸ்க்கைச் செருகினான். எந்த டிக் டிக் சத்தமும் இல்லாமல் சுழன்றது. அதே 931 ஜிபி. ஆனால் இப்போது ‘அன்அலோகேட்டட்’, அதாவது எதற்கும் ஒதுக்கப்படாத வெற்றிடம் என்று காட்டியது. என் கைபேசிப் படத்தை வாங்கி ஒப்பிட்டவன், “மாமா, யாரோ இனிஷியலைஸ் செய்திருக்கிறார்கள்” என்றான். கணினியிலேயே ஏறாத, போர்டு எரிந்த டிஸ்க்கில் அதை எப்படிச் செய்ய முடியும்?

டிஸ்க்கின் முதல் செக்டரை, அதாவது முதல் சிறு துண்டை, திரையில் விரித்துக் காட்டினான். மொத்தம் 512 பைட். முதல் 446 பைட்டில் கணினியைத் துவக்கும் நிரலும் டிஸ்க்கின் அடையாள எண்ணும். அடுத்த 64 பைட்டில்தான் பார்ட்டிஷன் எனப்படும் பகுதிகளின் அட்டவணை: ஒவ்வொன்றும் 16 பைட்டாக நான்கு பதிவுகள். எந்தப் பகுதி எந்த செக்டரில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பது அவ்வளவுக்குள் அடக்கம். கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்ற முத்திரை. முத்திரை இருந்தது, அந்த 64 பைட்டில் வரிசையாகப் பூஜ்யங்கள். வீட்டுக் கதவு எண்ணை அழித்துவிட்டு வீடே இடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள்!

என் டிஸ்க் எம்பிஆர் எனப்படும் இந்த முறையில் அமைந்தது. 1983இல் பிசி டாஸ் 2.0வுடன் வந்த ஏற்பாடு. இதில் அட்டவணைக்கு நகல் கிடையாது. ஜிபிடி என்ற புதிய முறையில் டிஸ்க்கின் கடைசியில் இன்னொரு நகல் இருக்கும், சரிபார்ப்பு எண்ணும் உண்டு. பெரிய டிஸ்க் வாங்குகிறவர்கள் ஜிபிடி கேளுங்கள். வழக்கமான 512 பைட் செக்டர் கணக்கில் எம்பிஆர் சுமார் 2 டிபிக்கு மேல் எட்டாது.

முதலில் டிஸ்க் முழுவதையும் வேறொரு டிஸ்க்குக்கு அப்படியே நகலெடுத்தான். ஓர் இரவு ஓடியது. பிறகு டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளை நகலில் ஓட்டினான். பழைய பார்ட்டிஷனின் தொடக்கத்தை அது கண்டுபிடித்து அட்டவணையைத் திரும்ப எழுதியது. மணப்பெண்ணின் முகம் திரையில் வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டிஸ்க் தட்டுகிற சத்தம் போட்டால் விஷயம் வேறு. உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். பெரும்பாலும் அதைத் தூசியற்ற அறையில் திறக்க வேண்டியிருக்கும், செலவும் நியாயமாகவே அதிகம். சத்தமில்லாமல் ஓடி, அளவும் சரியாகக் காட்டினால் போர்டு எரிந்த கதையை நம்பாதீர்கள். கொடுக்கும் முன் திரையையும் டிஸ்க்கின் வரிசை எண்ணையும் படம் எடுங்கள். ‘டிஸ்க்கில் எதுவும் எழுதக் கூடாது’ என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். இதே காரணம் சொல்லித் திருப்பித் தரப்பட்ட டிஸ்க் உங்கள் அலமாரியில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஃபார்மேட் செய்யாமல், புதிதாக ஒரு படம்கூட ஏற்றாமல், விவரம் தெரிந்த ஒருவரிடம் அந்த முதல் செக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.