யார் செய்தது, எப்படிப் பிடிபட்டது: மலையகத் துப்பறியும் கதைக்கு எது பொருந்தும்?

எட்கர் ஆலன் போ 1841இல் தொடங்கிவைத்த மரபில் குற்றவாளி கடைசிவரை மறைந்திருப்பான். ஆஸ்டின் ஃப்ரீமன் 1912இல் வெளியான தொகுப்பில் அதைத் தலைகீழாக்கினார்: குற்றம் முதலிலேயே நம் கண்முன் நடந்துவிடும், பிடிபடுவது எப்படி என்பதே கதை.

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டக் கதைக்கு முதல் வகை சிரமம். வரிசையாகக் காம்பராக்கள் (அறைகள்) உள்ள தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒற்றைச் சுவர்தான் இடைவெளி; யார் எப்போது வெளியே போனார் என்பது அடுத்த காம்பராவுக்குத் தெரியும். சந்தேகத்துக்கு ஆள் போதாமல், கடைசி அத்தியாயத்தில் ஒரு வெளியாளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அது வாசகருக்குச் செய்யும் துரோகம்.

இரண்டாவது வகைக்குத் தடயம் கொட்டிக்கிடக்கிறது. வருகைப் பதிவேடான செக்ரோலில் ஒரு பெண்ணுக்கு முழுப்பேர் (முழுநாள் வேலைக் கணக்கு) விழுந்திருக்கிறது. அந்திக் கொழுந்து நிறுவையிலோ அவள் பெயருக்கு நேரே கிலோ இல்லை. காரணம் நமக்குத் தெரியும். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளைக்கு எப்போது உறைக்கும் என்பதில்தான் பதற்றம். அந்த ஏட்டைக் கதையின் முதல் கால்பகுதிக்குள் காட்டிவிடுங்கள்.

முதல் வகைதான் வேண்டுமென்றால், மண்சரிவில் பாதை அடைபட்ட இரவில் தோட்ட மேலாளரான துரையின் பங்களாவுக்குள் ஐந்து பேரை அடைத்துவையுங்கள்.