ஆக்ஸ் டார்க் டெம்ப்டேஷன்: பள்ளத்தூர் பஸ்ஸுக்குப் போதுமான வாசம்

ஆக்ஸ் டார்க் டெம்ப்டேஷன் பாடி ஸ்பிரே, 150 மி.லி. டப்பா. காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வாங்கினேன். பள்ளிக்கூடம் முடித்த பிறகு இதைத் தொட்டதே இல்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முப்பதைத் தாண்டியவர்கள் தினமும் ஆபீசுக்கு அடித்துக்கொண்டு போக இது தோதுப்படாது. பதினாறு வயதுப் பையனுக்கு வாங்கிக் கொடுக்கலாமா என்றால் தாராளமாகக் கொடுக்கலாம்.

அழுத்தியதும் முதலில் வருவது ஆல்கஹால் நெடி, மூக்கு நுனியில் சுரீர் என்று ஏறும். அது அடங்கியதும் சாக்லெட் வருகிறது. சாக்லெட் என்றால் உறையைப் பிரித்ததும் வரும் அந்தக் கசப்பும் காரமும் கலந்த வாசம் இல்லை, வெனிலாவைத் தூக்கலாகப் போட்ட இனிப்பு வாசம். இந்த மாதிரி இனிப்பு வாசனைகளில் பெரும்பாலும் வெனிலின்தான் முன்னால் நிற்கும், ஐஸ்கிரீமில் போடுகிற அதே பொருள். பத்து நிமிஷம் போனால் அந்தத் தித்திப்பு கொஞ்சம் தணிந்து, சட்டைக் காலரில் மட்டும் மெலிசாக ஒட்டிக்கொண்டு இருக்கும். எனக்கு இந்தக் கட்டம்தான் பிடிக்கும், அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி.

கொஞ்சம் பூர்வீகம். யூனிலீவர் கம்பெனி ஆக்ஸை 1983-ல் பிரான்சில்தான் முதலில் விற்றது. இங்கிலாந்தில் ஆக்ஸ் என்ற பெயரை வேறு யாரோ ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்ததால் அங்கே லிங்ஸ் என்று பெயர் வைத்தார்கள், இப்போதும் அதே பெயர்தான். இந்தியாவுக்கு வந்தது 1999-ல். சாக்லெட் வாசம் வந்தது 2008-ல், நாங்கள் பதினொன்றாம் வகுப்புக்கு வந்து சேர்ந்த நேரம். ஒருத்தன் ஸ்பிரே அடித்ததும் சாக்லெட் பொம்மையாக மாறிவிடுவான், வழியில் பார்க்கிற பெண்களெல்லாம் அவனைக் கடித்துத் தின்பார்கள், அதுதான் டிவி விளம்பரம். தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. நிறுத்தச் சொன்ன செய்தி வந்த பிறகுதான் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு டப்பா இருப்பதே தெரிந்தது. அரசாங்கமே விளம்பரம் செய்த மாதிரி ஆகிவிட்டது.

அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் வாசனை என்றால் குட்டிக்கூரா பவுடர், இல்லாவிட்டால் கோகுல் சாண்டல். கல்யாண வீட்டு முகப்பில் ஏறும்போது பன்னீர்ச் சொம்பிலிருந்து நாலு சொட்டு நெற்றியிலும் தோளிலும் விழும், கூடவே ஒரு கிண்ணம் சந்தனம், அது ஒரு நாள் முழுக்க நிற்கும். ஆனால் அது வீட்டுக்காரர்கள் கொடுக்கிற வாசம், வந்த எல்லோருக்கும் பொது. எனக்கென்று, என் காசில், நானே பார்த்து எடுத்த வாசம் என்றால் இந்த டப்பாதான் முதல். முதல் தடவை அடித்துக்கொண்டு வந்தபோது அப்பத்தா முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. தலையைக்கூட நிமிர்த்தாமல், "என்னடா, மிட்டாய்க் கடைக்குள்ள விழுந்து எந்திரிச்சு வந்தவன் மாதிரி மணக்குற" என்று கேட்டது. இதைவிடச் சுருக்கமாக இந்த ஸ்பிரேயை யாராலும் விமர்சிக்க முடியாது.

என் காசில் என்று சொன்னேனே, முழுக்க என் காசு இல்லை. நூறு ரூபாய்க்கு மேலே விலை, எங்களுக்கு அது பெரிய தொகை. மூன்று பேர் சேர்ந்து ஒரு டப்பா. வாரம் ஒரு வீடு என்று சுற்றும். தகரம் என்பதால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வழியில்லை, அதனால் கைமாறும்போது காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கிப் பார்ப்போம். சத்தத்தை வைத்தே போன வாரம் யார் கணக்குக்கு மேலே அடித்தது என்று கண்டுபிடித்து ஒரு பஞ்சாயத்து நடக்கும். ஆளுக்கு ஒரு பக்கம் ஒரு புஸ், அவ்வளவுதான் சட்டம். கோடை வந்தால் சட்டம் செல்லாது. டப்பாவுக்குள் இருப்பதில் பெரும்பங்கு பியூட்டேன், புரொப்பேன் மாதிரி அழுத்தி அடைத்த வாயுவும் ஆல்கஹாலும்தான். அவை வெளியே வந்து ஆவியாகும்போது தோலிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். சித்திரை வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து கழுத்தில் ஒரு புஸ் அடித்தால் வருகிற ஜில்லிப்பு இருக்கிறதே, வாசம் அப்போது இரண்டாம் பட்சம்தான். டப்பாவும் கையில் குளிர்ந்துவிடும்.

நேரம் எவ்வளவு நிற்கிறது என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. கேஸ் ஸ்பிரே என்ற வகையே நீண்ட நேரத்துக்கானது இல்லை, எந்தக் கம்பெனி டப்பாவாக இருந்தாலும் சரி. சென்ட் எண்ணெய் கொஞ்சம், மிச்சமெல்லாம் பறந்து போகிற சரக்கு, அதுவும் நம்ம ஊர் வெயிலில் சீக்கிரமே பறக்கும். எங்கள் கணக்கு பஸ் கணக்கு: பள்ளத்தூரில் ஏறும்போது முழு வாசம், கோட்டையூர் தாண்டும்போது முக்கால், காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது பக்கத்தில் வந்து நின்றால்தான் தெரியும். அந்த வயதில் அதற்கு மேலே என்ன வேண்டும்? டியூஷன் வாசலில் செருப்பு கழற்றுகிற இடத்தில் மணத்தால் போதும், உள்ளே போன பிறகு கணக்கு சார் மூக்குக்கு எட்டாமல் இருப்பதே நல்லது. மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழாவுக்குப் போனாலும் இதே கதைதான், பால்குடக் கூட்டத்தில் மாட்டினால் கால் மணி நேரத்தில் எந்த ஸ்பிரேயும் காலி.

இப்போது எனக்குத் தேவை வேறு. காலை எட்டரைக்கு வீட்டை விட்டால் திரும்ப ராத்திரி ஆகிறது, அரை மணி நேர வாசத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. அதனால் இது எனக்கு ஆகவில்லை என்பது டப்பாவின் குற்றம் இல்லை. சரக்கு மாறிவிட்டதா என்று நண்பர்கள் கேட்டார்கள். என் மூக்குக்கு அதே வாசமாகத்தான் படுகிறது, மூக்குதான் அதற்குப் பிறகு நிறையப் பார்த்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறைய வீட்டில் இதில் குழப்பம் இருக்கிறது. இது வேர்வையை நிறுத்தாது. வேர்வைக்கென்று சொந்தமாகப் பெரிய நாற்றம் கிடையாது, தோலில் இருக்கிற பாக்டீரியா, முக்கியமாக அக்குளில் ஊறுகிற வேர்வையைத் தின்று உடைக்கும்போதுதான் நாற்றம் வரும். பாடி ஸ்பிரே செய்வதெல்லாம் அதன்மேல் ஒரு வாசத்தைப் போர்த்துவது, ஆல்கஹால் இருப்பதால் பாக்டீரியாவைக் கொஞ்ச நேரம் அடக்கி வைப்பது. வேர்வையே குறைய வேண்டும் என்றால் அலுமினிய உப்பு கலந்த ஆன்டிபெர்ஸ்பிரன்ட் ரோல்-ஆன் வாங்க வேண்டும், அது வேறு சாமான். குளிக்காமல் இதை அடித்துக்கொண்டு போகிற பையன்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்கள்தான் பாவம்.

2011-ல் ஃபாக் என்ற பாடி ஸ்பிரே வந்து 'கேஸ் இல்லை' என்று சொன்னதும் கடைகளில் காற்று திசை மாறியது. குலுக்கிப் பார்த்து வாங்குகிற எங்களை மாதிரி ஆட்களுக்கே அது குறி வைத்த பேச்சு. இப்போது 18 மி.லி. பாக்கெட் பெர்ஃப்யூம்கள் வேறு வந்துவிட்டன, சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற அளவு. அக்கா மகன் பத்தாவது படிக்கிறான், என் டப்பாவை முகர்ந்துவிட்டு, "மாமா, இதெல்லாம் அங்கிள் சென்ட்" என்று சொல்லிவிட்டு அவனுடைய ஊத் (அகில் கட்டை) வாசனைப் பாக்கெட்டைக் காட்டினான். ஊத் வாசம் பதினைந்து வயதுக்கு ரொம்பக் கனம், அறுபது வயது மனிதர் ஒருவர் அறைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் கிரிக்கெட் ஆடப் போகும்போது அவன் அடித்துக்கொண்டு போனது என் டப்பாவைத்தான்.

டப்பாவில் போட்டிருக்கிற விலை இருநூறைத் தாண்டி இருக்கிறது, ஆன்லைனில் தள்ளுபடி நாளில் குறையும். திருவிழாக் கடைகளில் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று போகாதீர்கள். அப்படி வாங்கிய ஒன்று முதல் நாளே சத்தம் மட்டும்தான் போட்டது, டப்பாவின் எழுத்துகூட லேசாகக் கோணல். தயாரித்த தேதியும் பேட்ச் எண்ணும் தெளிவாக அச்சாகி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் கண்ணாடியும் சாமி அலமாரியும் அடுத்தடுத்து இருக்கும், விளக்கு எரியும்போது அங்கே நின்று அடிக்கக் கூடாது, உள்ளே இருப்பது தீப்பிடிக்கிற வாயு. 50 டிகிரிக்கு மேலே சூடு படக்கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும், ஆகவே வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் வண்டி சீட்டுக்கு அடியிலும் போட்டு வைக்க வேண்டாம். ஒரு சாண் தள்ளிப் பிடித்து அடியுங்கள், ஒட்டி அடித்தால் வெள்ளைச் சட்டையில் தடம் விழலாம்.