நிக்கோரா, டகுமாரா, ஹீலியோஸா? உப்புக்காற்றில் மூன்று பழைய லென்ஸ்கள்

என்னிடம் இருப்பது சோனி ஏ7 மார்க் 2. 2014இல் வந்த மிரர்லெஸ் கேமரா பாடி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது, வாங்கிய பிறகு நல்ல லென்ஸுக்குக் கையில் காசு மிஞ்சவில்லை. பழைய லென்ஸ்களின் மேல் காதல், கேரக்டர், அது இதுவென்று பேச ஆரம்பித்ததெல்லாம் அப்புறம்தான். கடலூர் ஓல்ட் டவுனில் கல்யாண ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு அண்ணன் கடையை மூடியபோது நிக்கானின் நிக்கோர் 50 எம்எம் எஃப் 1.4 ஏஐ லென்ஸை எடுத்துக் கொடுத்தார். "எடுத்துட்டுப் போ தம்பி, பீரோவுல சும்மாதான் கெடக்கு." அடுத்து புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் ஒரு ஓடாத பென்டாக்ஸ் கேமராவோடு சூப்பர் டகுமார் 50 எஃப் 1.4 கிடைத்தது. ஹீலியோஸ் 44-2, அதாவது 58 எம்எம் எஃப் 2, ஆன்லைனில் ஆசைப்பட்டு வாங்கியது. (எம்எம் என்பது லென்ஸின் குவியத் தூரம்; எஃப் எண் அபர்ச்சரை, அதாவது வெளிச்சம் புகும் துளையைச் சொல்வது, எண் சிறிதானால் துளை பெரிது.)

மூன்றையும் ஒரே பாடியில் மாட்டி இரண்டு வருடமாகச் சுற்றுகிறேன். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எது என்று நண்பர்கள் கேட்கிறார்கள், அதற்காகத்தான் இது.

முதலில் மவுண்ட், அதாவது லென்ஸ் பாடியில் மாட்டும் இடத்தின் கணக்கு. பழைய எஸ்எல்ஆர் கேமராவில் நடுவே கண்ணாடி எழுந்து விழ இடம் வேண்டும் என்பதால் லென்ஸ் ஃபிலிமிலிருந்து தள்ளியே உட்கார்ந்திருக்கும்: நிக்கான் எஃப் மவுண்டுக்கு 46.5 மிமீ, டகுமார், ஹீலியோஸ் இரண்டின் எம்42 திருகு மவுண்டுக்கு 45.46. என்னுடையது போன்ற மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடியே இல்லை. சோனி இ மவுண்டுக்கு 18 மிமீ, நிக்கான் இசட் 16, கேனான் ஆர்எஃப் 20. மிச்சமிருக்கும் சுமார் இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டரை அடாப்டர் என்ற ஒரு வெறும் உலோகக் குழாய் நிரப்பிவிட்டால் போதும், உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் வேண்டாம். நிக்கான் டிஎஸ்எல்ஆரில் (டிஜிட்டல் எஸ்எல்ஆர்) இதே எம்42 லென்ஸை மாட்டினால் தூரத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகாது. 1 மிமீ வித்தியாசம்தான், ஆனாலும் ஆகாது.

வெறும் குழாய்தானே என்று மிகவும் மலிவான அடாப்டரை வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கிய முதல் அடாப்டர் பாடியில் லொடலொடவென்று ஆடியது, ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் லென்ஸே சேர்ந்து கொஞ்சம் திரும்பும். பல அடாப்டர்கள் அளவைவிட ஒரு நூலிழை குட்டையாகவே வரும், இன்ஃபினிட்டி (வெகுதூர ஃபோகஸ்) கிடைக்காமல் போகக் கூடாதே என்று. அதனால் லென்ஸில் இன்ஃபினிட்டி குறிக்கு முன்னாடியே கடல்கோடு கூர்மையாகிவிடும். குறியை நம்பாமல் திரையைப் பார்த்தால் சிக்கல் இல்லை. எம்42வில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சில லென்ஸ்களில் பின்னால் இருக்கும் ஊசியை அடாப்டர் அழுத்தினால்தான் அபர்ச்சர் மூடும். டகுமாரில் ஆட்டோ, மேனுவல் என்று ஒரு சுவிட்சே இருப்பதால் அந்தக் கவலை இல்லை, ஹீலியோஸ் 44-2வில் ஊசியே கிடையாது.

சரி, லென்ஸுக்கு வருவோம். கிழக்குப் பார்த்த கடற்கரை நம்முடையது, காலையில் எதை எடுத்தாலும் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும், லென்ஸைச் சோதிக்க இதைவிடக் கொடுமையான இடம் தேவையில்லை. புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் மாசி மகத்தன்று மயிலம் முருகனும் தீவனூர் பிள்ளையாரும் கடலுக்கு வந்து நிற்கும்போது எதிர்வெயிலில் மூன்றையும் மாற்றி மாற்றி எடுத்தேன் (கூட்டத்தில் லென்ஸ் மாற்றுவது முட்டாள்தனம், சென்சாரில் மணல் விழுந்ததற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது). நிக்கோரில் கறுப்பு கறுப்பாகவே நின்றது. ஒன்றிரண்டு ஒளிப்பொட்டு வந்தது, அவ்வளவுதான். டகுமாரில் படம் முழுக்க மெல்லிய பால் ஊற்றியது போல ஆனது. முகங்களுக்கு அது அழகுதான், பட்டுத் துணியின் நிறத்துக்கு ஆகாது. ஹீலியோஸோ சூரியனைப் பார்த்ததும் கையைத் தூக்கிவிட்டது. பத்தில் ஏழு படம் வெளிறிப்போனது, மீதி மூன்று மட்டும் அந்த நாளின் மிக நல்ல படங்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஹீலியோஸை எல்லோரும் வாங்குவது சுழலுக்காக. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய, ஜெர்மனியின் கார்ல் சைஸ் கம்பெனி செய்த பயோட்டார் லென்ஸின் அமைப்பைச் சோவியத்காரர்கள் எடுத்துச் செய்த லென்ஸ் இது, எஃப் 2வில் ஓரங்களில் பின்னணி வட்டமாகச் சுழலும். ஆனால் எங்கும் சுழலாது. பின்னால் இலையும் வெளிச்சப் புள்ளியுமாக ஏதாவது வேண்டும், ஆளுக்கும் அதற்கும் நல்ல இடைவெளி வேண்டும். பாரதி பூங்கா மரங்களும், மதிலில் வழியும் காகிதப்பூவும் கச்சிதம். கடற்கரைச் சாலையில் வெறும் வானத்தை வைத்து எடுத்தால் சுழல ஒன்றுமே இல்லை. எஃப் 4க்கு மூடினால் மாயம் போய்விடும், அதன்பின் அது நல்ல, சாதாரண லென்ஸ். அபர்ச்சருக்கு இரண்டு வளையங்கள்: ஒன்றில் அளவைக் குறித்துவைத்து, கிளிக் இல்லாத இன்னொன்றால் திறந்து மூடுவது. வீடியோ எடுப்பவர்களுக்குக் கொண்டாட்டம், எனக்கோ அவசரத்தில் எந்த வளையம் எது என்று இன்றும் தடுமாற்றம்.

கையில் பிடித்தால் டகுமார்தான் ராஜா. ஐம்பது வயதைத் தாண்டிய ஃபோகஸ் வளையம் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல ஓடுகிறது. எஃப் 1.4இல் நிக்கோரின் படம் சற்றே புகைமூட்டமாகும், டகுமாரிலும் அப்படித்தான், ஆனால் டகுமாரின் புகை அழகு. இரண்டுமே எஃப் 2.8க்கு வந்தால் 24 மெகாபிக்ஸல் சென்சாருக்குத் தாராளம்.

டகுமாரில் வில்லங்கம் நிறத்தில்தான். முதலில் வந்த எட்டுக் கண்ணாடிப் பதிப்பை விட்டுவிட்டால், பிறகு வந்த ஏழு கண்ணாடி 50 எஃப் 1.4இல் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது. லேசான கதிர்வீச்சு, லென்ஸை உடைத்துத் தேய்க்காதவரை பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் காலப்போக்கில் அந்தக் கண்ணாடி தேநீர் நிறத்துக்குப் பழுக்கிறது. என்னுடையது நன்றாகவே பழுத்தது. பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சள் சுவரை அதில் எடுத்தபோது அழகாகத்தான் வந்தது, அதே தெருவில் வெள்ளை மதில் ஓரத்தையும் மஞ்சளாக்கிய பிறகுதான் புரிந்தது. கேமராவின் ஒயிட் பேலன்ஸ் (நிறத்தைச் சமன்செய்யும் அமைப்பு) பாதி வேலையைச் செய்துவிடும். மீதிக்கு, புற ஊதா விளக்கின் கீழோ ஜன்னல் வெயிலிலோ சில வாரம் வைத்தால் வெளுக்கும். மொட்டை மாடி மே மாத வெயிலில் மட்டும் வைக்க வேண்டாம், கிரீஸ் உருகி அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய் ஏறிவிடும்.

ஃபோகஸ் விஷயத்தில் மூன்றும் ஒரே கட்சி. திரையில் நிறக்கோடு காட்டும் பீக்கிங்கை எஃப் 1.4இல் நம்பாதீர்கள். ஒரு மீட்டர் தூரத்தில் கூர்மையாக இருக்கும் பகுதி சுமார் 3 சென்டிமீட்டர்தான், பீக்கிங்கோ காது, கண், மூக்கு எல்லாவற்றுக்கும் சிவப்பு அடித்துவிடும். ஒரு பட்டனில் உருப்பெருக்கத்தை வைத்து, கண் இமையைப் பார்த்துத் திருப்புங்கள். மெனுவில் லென்ஸ் இல்லாமல் ஷட்டர் இயங்க அனுமதி கொடுக்க வேண்டும், கை நடுக்கத்தைச் சமன்செய்யும் பாடியின் ஸ்டெடிஷாட்டுக்கு மாட்டியிருக்கும் லென்ஸின் குவியத் தூரத்தைச் சொல்ல வேண்டும். ஓடி விளையாடும் பிள்ளைகளை எடுப்பதற்கென்றால் இந்த மூன்றும் வேண்டாம், சோனியின் ஆட்டோஃபோகஸ் 50 எஃப் 1.8 போதும், 186 கிராம்தான்.

எங்கள் பக்கத்தில் லென்ஸைத் தேர்ந்தெடுப்பதைவிடப் பெரிய வேலை அதைக் காப்பாற்றுவது. வாங்கும்போது பின்பக்கமிருந்து மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி நூல் போல ஓடினால் பூஞ்சை, பெயர் எவ்வளவு பெரியதானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மின்சார டிரை கேபினட்டா, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவா என்றால் என் ஓட்டு டப்பாவுக்கு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது வீட்டில் கரண்ட் போனது, நண்பனிடம் இரவல் வாங்கிய கேபினட் வெறும் அலமாரியாக நின்றது. டப்பாவுக்குள் ஈரமானி 45 சதவீதத்திலேயே இருந்தது. நிறம் மாறிய ஜெல்லை வறுத்தால் மறுபடி உலரும், அதற்குத் தனிச் சட்டி வைத்துக்கொள்ளுங்கள், தோசைக்கல் பக்கம் போனால் அம்மா சும்மா விடமாட்டார்.

ஆக, ஒன்றே ஒன்று என்றால் நிக்கோர். எதிர்வெயிலைத் தாங்குகிறது, நிறம் பழுக்கவில்லை, அதோடு எஃப் மவுண்ட் லென்ஸ் நம் ஊர்ப் பழைய ஸ்டூடியோக்களில் கேட்டால் இன்னும் கிடைக்கிறது. ஹீலியோஸ் இரண்டாவதாக வாங்க வேண்டியது. கேனானின் பழைய எஃப்டி மவுண்ட் லென்ஸும் கண்ணில் பட்டால் விடாதீர்கள்: 1987இல் புதிய இஓஎஸ் கேமரா வரிசை வந்ததும் அந்த மவுண்டைக் கம்பெனியே கைவிட்டது, அதனால் பல காலம் மலிவாகக் கிடந்தது. அடாப்டரில் இருக்கும் பூட்டு வளையத்தைத் திருப்ப மறந்தால் அபர்ச்சர் மூடாது, அது ஒன்றுதான். டகுமாரைத் தராசில் வைத்தால் மூன்றாவது இடம்தான் வரும். விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், கொடுக்க மனம் வரவில்லை, இப்போது அது ஜன்னலோரம் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது.