‘இன்கமிங் ஃப்ரீ’ சிம்மோடு ஃப்ராங்ஃபர்ட் போகிறவர்களுக்கு

ஜனவரியில் ஃப்ராங்ஃபர்ட்டில் ஹைம்டெக்ஸ்டில் என்ற வீட்டுத் துணிக் கண்காட்சி. கரூர் ஏற்றுமதிக்காரர்கள் கிளம்பும் சீசன் என்று தெரிந்து, ‘இன்டர்நேஷனல் சிம்’ விற்கும் முகவர்கள் அதற்கு முன்பே அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவார்கள். அவர்கள் விற்கும் ஓர் ஏற்பாட்டைப் பற்றித்தான் இந்தப் பதிவு. விற்றவரின் பெயரைப் போடவில்லை. இதே சரக்கு வேறு வேறு உறையில் வருகிறது. ஒரு பெயரைத் தெரிந்துகொண்டால் அடுத்ததில் ஏமாறுவோம்.

ஏற்பாடு இதுதான். இங்கிலாந்து எண் கொண்ட ஒரு சிம்மைத் தருவார்கள். உங்கள் இந்திய எண்ணுக்கு வரும் அழைப்புகளை அவர்கள் சொல்லும் ஒரு சென்னை எண்ணுக்கு ஃபார்வர்டு செய்துவிட வேண்டும். அங்கிருந்து அது ஜெர்மனியில் உங்கள் கையிலிருக்கும் சிம்முக்கு வந்துவிடும். “இன்கமிங் சுத்தமா ஃப்ரீங்க சார். நீங்க பேசினாலும் பார்ட்டிக்கு உங்க பழைய நம்பர்தான் தெரியும்.”

போன சீசனில் இதை நம்பி வாங்கிப்போன ஒரு பெட்ஷீட் நிறுவனத்துக்கு, ஆள் ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து கிரெடிட் கார்டில் தொகை பிடிக்கப்பட்டது. கேட்ட பிறகுதான் விவரப் பட்டியல் வந்தது. அதில் ஒரே நேரத்துக்கு இரண்டிரண்டு வரிகள். காலை 4.38, ‘டைவர்ட்’, 1 நிமிடம். அதே 4.38, ‘வாய்ஸ்மெயில்’, 1 நிமிடம். 4.51, மறுபடி இரண்டு. அந்த நேரத்தில் போனை யாரும் எடுக்கவே இல்லை. ஆள் ஹோட்டலில் தூங்கிக்கொண்டிருந்தார். ‘இன்கமிங்’ என்ற வரிக்கு நேரே மட்டும் வாக்களித்தபடி பூஜ்யம்.

இதில் கணக்கு எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஈரோட்டிலிருந்து நூல்காரர் உங்கள் எண்ணுக்குப் போடும் அழைப்பு முதல் துண்டு. அது அவர் செலவு. உங்கள் இந்திய எண்ணிலிருந்து சென்னை எண்ணுக்குப் போவது இரண்டாம் துண்டு. அது உங்கள் கணக்கில், பெரும்பாலும் அன்லிமிடெட் பிளானில் அடங்கிவிடும். சென்னையிலிருந்து இங்கிலாந்து எண்ணுக்குப் போவது மூன்றாவது. இங்கிலாந்திலிருந்து ஜெர்மனியில் உங்கள் கைக்கு வருவது நான்காவது. முகவர் ‘ஃப்ரீ’ என்று சொன்னது அந்த நான்காவது துண்டை மட்டும். மூன்றாவதுக்கு நிமிடக் கட்டணம் உண்டு. ரேட் கார்டின் பின்பக்கம், நட்சத்திரக் குறி போட்டு, ‘டைவர்ட் வசதிக்குத் தனி’ என்று ஒரு வரி இருந்திருக்கிறது.

எடுக்காத அழைப்புக்கு ஏன் பணம்? இங்கிலாந்து சிம்மில் வாய்ஸ்மெயில் திறந்தே இருந்தது. போன் ஜெர்மனியில் அடித்து ஓய்ந்ததும் அழைப்பு மறுபடி இங்கிலாந்துக்கே திரும்பி வாய்ஸ்மெயிலில் ஏறுகிறது. அது ஐந்தாவது துண்டு, ஜெர்மனியிலிருந்து வெளியே போன அழைப்பாகக் கணக்கில் ஏறும். இயந்திரம் எடுத்தாலும் எடுத்ததுதான் என்பதால் மூன்றாம் துண்டின் மீட்டரும் அந்த நொடியில் ஓடத் தொடங்குகிறது. கணக்கு 60 நொடிக்கு ஒரு பல்ஸ், அதாவது ஒரு நொடி பேசினாலும் முழு நிமிடக் காசு. ஆங்கிலக் குரலைக் கேட்டு நூல்காரர் ஆறு நொடியில் வைத்துவிட்டாலும் இரண்டு முழு நிமிடம் போச்சு. குளிர்காலத்தில் ஜெர்மனி நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். கரூரில் காலை ஒன்பது மணிக்கு சாயப்பட்டறையும் தூத்துக்குடி கிளியரிங் ஏஜென்ட்டும் வரிசையாகப் போன் போடும்போது அங்கே விடியற்காலை நாலரை. நாளின் அதிக அழைப்பு வரும் நேரமும் நீங்கள் எடுக்க முடியாத நேரமும் ஒன்றாக அமைகிறது. முகவருக்குக் காசு பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

இந்திய சிம்மை நேரடியாக ரோமிங்கில் வைத்திருந்தாலும் இதே கோளாறு வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘மிஸ்டு கால் அலர்ட்’ மாதிரி வசதிகள், போன் எடுக்காதபோது நிறுவனத்தின் ஓர் எண்ணுக்கு அழைப்பைத் திருப்பிவிடுகின்றன. ரோமிங்கில் அப்படித் திரும்பும் அழைப்புக்கு, வந்ததற்கு ஒன்று, திரும்பிப் போனதற்கு ஒன்று என்று இரண்டு கட்டணம் விழ வாய்ப்புண்டு.

“பழைய நம்பர்தான் தெரியும்” என்ற வாக்குறுதியும் இப்போது செல்லாது. வெளிநாட்டு கேட்வே (அழைப்புகள் நாட்டுக்குள் நுழையும் இணைப்பு) வழியாக +91 எண்ணைக் காட்டிக்கொண்டு இந்தியாவுக்குள் வரும் போலி அழைப்புகளைத் தடுக்கும் மையப்படுத்தப்பட்ட அமைப்பை மத்திய அரசு 2024 அக்டோபர் 22 அன்று தொடங்கியது. முதல் 24 மணி நேரத்திலேயே சுமார் 1.35 கோடி அழைப்புகள் தடுக்கப்பட்டதாக அறிவித்தார்கள். அவர்கள் குறி மோசடிக்காரர்கள்தான். உண்மையாக ரோமிங்கில் இருக்கும் இந்திய சிம்முக்குத் தடையில்லை. ஆனால் உங்கள் எண்ணை ஒட்டவைத்து அனுப்பும் செயலிகளும் அதே வாசலில் மாட்டிக்கொள்கின்றன. அழைப்பு போகாது, அல்லது ஏதோ ஒரு வெளிநாட்டு எண்ணாகத் தெரியும். அந்த மாதிரி எண்ணை இன்று நம் ஊரில் யார் எடுக்கிறார்கள்?

சில சிம்களில் நீங்கள் டயல் செய்ததும் அழைப்பு கட்டாகி, பத்து நொடியில் திரும்ப அடிக்கும். கால்பேக் முறை. அதில் உங்களை நோக்கி ஒரு துண்டு, எதிராளியை நோக்கி ஒரு துண்டு, இரண்டுக்கும் மீட்டர் உண்டு. எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் பக்கத்து மீட்டர் ஓடத் தொடங்கிவிடும் ஏற்பாடுகளும் இருக்கின்றன. கேட்டு வாங்குங்கள்.

இனி, செலவில்லாமல் செய்யும் வழி. கிளம்பும் முந்தின நாள், இந்தியாவில் இருக்கும்போதே, இந்திய சிம்மில் *#61#, *#62#, *#67# மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எடுக்காதபோதும் தொடர்பில் இல்லாதபோதும் பிஸியாக இருக்கும்போதும் அழைப்பு எங்கே திரும்புகிறது என்று திரையில் வரும். ஏதாவது எண் தெரிந்தால் ##004# போட்டு மூன்றையும் அழியுங்கள். பிறகு **21* போட்டு, +91 சேர்த்து அலுவலக மேலாளரின் எண், கடைசியில் #. இது எல்லா அழைப்பையும் நிபந்தனையின்றித் திருப்பும். இப்படித் திருப்பும்போது அழைப்பு இந்தியாவுக்குள்ளேயே திரும்பிவிடுகிறது, ஜெர்மனியை எட்டிப் பார்ப்பதே இல்லை. அதனால் ரோமிங் கட்டணத்துக்கு இடமில்லை. யுஎஸ்எஸ்டி (*, # சேர்த்து டயல் செய்யும் குறியீடு) வழியிலான ஃபார்வர்டிங்கை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டிருக்கிறது. குறியீட்டை நெட்வொர்க் ஏற்காவிட்டால் போனின் கால் செட்டிங்ஸுக்குள் இருக்கும் கால் ஃபார்வர்டிங்கில் போய்ச் செய்யுங்கள். மூன்றாவது ஒரு போனிலிருந்து அழைத்துச் சோதித்த பிறகே விமானம் ஏறுங்கள். ஒரு எச்சரிக்கை: அழைப்பாக வரும் ஓடிபியும் வாட்ஸ்அப் சரிபார்ப்பு அழைப்பும்கூட அந்த எண்ணுக்குத்தான் போகும். நம்பகமான ஆளிடம் மட்டும் திருப்புங்கள். யாரோ போனில் சொன்னார்கள் என்று எந்தக் குறியீட்டையும் போட வேண்டாம். அந்த மோசடிக்காகத்தான் உத்தரவே வந்தது.

இந்திய சிம் போனிலேயே இருக்கட்டும், டேட்டா ரோமிங் மட்டும் அணைந்திருக்கட்டும். வங்கி எஸ்எம்எஸ் வந்து சேர ரோமிங் வசதி செயல்பாட்டில் இருக்க வேண்டும், அதை முன்கூட்டியே நிறுவனத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஐபோனில் இரண்டு சிம் போடுபவர்கள், செல்லுலார் டேட்டா மாறுவதை அனுமதிக்கும் சுவிட்சை அணைக்காமல் விட்டால், ஜெர்மன் சிக்னல் பலவீனமாகும் இடத்தில் டேட்டா இந்திய சிம்முக்குத் தாவக்கூடும்.

அங்கே பேச, டேட்டா போதும். நெரிசல் கண்காட்சி ஹாலின் வைஃபையை நம்பாதீர்கள்; பேச்சு வெட்டி வெட்டி வரும். பேச்சை டேட்டாவாக மாற்றும் சாதாரண ஜி.711 கோடெக்கில் ஒரு நிமிடப் பேச்சு இரு திசையும் சேர்த்து சுமார் 1.3 எம்பி. நாளைக்கு இரண்டு மணி நேரம் பேசினாலும் 160 எம்பிக்குள் அடங்கும். நான்கு நாள் கண்காட்சிக்கு ‘அன்லிமிடெட்’ என்று தலையில் கட்டப்படும் பேக் தேவையே இல்லை. இ-சிம் வாங்கினால் இரண்டைப் பாருங்கள். பயண இ-சிம்களில் பெரும்பாலானவை டேட்டா மட்டும்; எண் கிடையாது, பையர் உங்களை அழைக்க முடியாது. அடுத்தது, சில இ-சிம்கள் ஃப்ராங்ஃபர்ட்டில் இருந்தாலும் டேட்டாவை ஹாங்காங் போய்த் திரும்பும்படி அனுப்புகின்றன. ஒரு திசைத் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேச அளவுகோல். அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வீர்கள். விலை பேசும்போது இது எவ்வளவு சங்கடம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பையர் அழைக்க எண் வேண்டுமென்றால் ஜெர்மன் பிரீபெய்டு சிம். 2017 ஜூலை முதல் அங்கே பிரீபெய்டு சிம்முக்கும் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். பாஸ்போர்ட்டோடு கடைக்குப் போங்கள், முகவரிக்கு ஹோட்டல் முகவரியைச் சொல்லலாம். ‘ஏற்கெனவே ஆக்டிவேட் ஆனது, பாஸ்போர்ட் வேண்டாம்’ என்று நீட்டப்படும் சிம் வேறொருவர் பெயரில் இருக்கிறது. எப்போது முடங்கும் என்று சொல்ல முடியாது, முடங்கினால் கேட்க உங்களுக்கு உரிமையும் இல்லை. இணையத்தில் விற்கப்படும் 069 ஃப்ராங்ஃபர்ட் எண்ணும் இதே ரகம். ஜெர்மன் ஊர்க்குறியீட்டு எண்ணுக்கு அந்த ஊரோடு தொடர்பு காட்ட வேண்டும். ஆவணமே கேட்காமல் கொடுத்தால், விசிட்டிங் கார்டில் அச்சடித்த பிறகு எண் போய்விடும். ஸ்கைப் எண் அச்சடித்த பழைய கார்டுகளையும் எடுத்துச் செல்லாதீர்கள். ஸ்கைப் 2025 மே 5 அன்று மூடப்பட்டது.

‘ஐரோப்பா முழுக்க ரோமிங் கிடையாது’ என்பது பாதி உண்மை. 2017 ஜூன் 15 முதல் இருக்கும் அந்த விதி ஐரோப்பிய சிம்களுக்கானது, இந்திய சிம்முக்கு அல்ல. சுவிட்சர்லாந்து அதில் சேராது. ஃப்ராங்ஃபர்ட்டிலிருந்து ரயிலில் பாசல் போகிறவர்கள் எல்லைக்கு முன்பே டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

துபாய் வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு சிக்கல். ஜெர்மனிக்கு மட்டும் பேக் போட்டுவிட்டு அங்கே இறங்கியதும் போனை உயிர்ப்பித்தால், பேக் பொருந்தாத நாட்டு நெட்வொர்க்கில் ஏறிவிடும். இணைப்பு விமானம் வரை ஃபிளைட் மோடும் விமான நிலைய வைஃபையும் போதும். வாட்ஸ்அப்பில் செய்தி போகும், அழைப்பு போகாது. ஹோட்டல் அறைப் போன் பற்றி ஒரே வரி: சில எக்ஸ்சேஞ்சுகளுக்கு எதிர்முனை எடுத்தார்களா என்று தெரியாது, குறிப்பிட்ட நொடி மணியடித்தாலே பில் போடும்.

ஏற்கெனவே பணம் போனவர்களுக்கு. வெளிநாட்டு சிம்களை இந்தியாவில் விற்கத் தொலைத்தொடர்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அந்தச் சான்றின் நகலை எழுத்தில் கேளுங்கள். அது இல்லாமல் இ-சிம் விற்ற இரண்டு வெளிநாட்டுச் செயலிகள் 2024 ஜனவரியில் இந்திய ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டன. அடுத்து, நேரமும் கட்டணமும் வரி வரியாக உள்ள முழுப் பட்டியல். அது வரும் வரை பாக்கி கட்டாதீர்கள். கார்டில் பிடித்திருந்தால் வங்கியில் உடனே தகராறு பதியுங்கள். விற்றவர் மீது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் போட்டது உங்கள் இந்திய நிறுவனமே என்றால் வழி வேறு. முதலில் அவர்களின் புகார் மையத்தில் புகாரைப் பதிந்து டாக்கெட் எண் வாங்குங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பு; அவர்கள் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும்.

ஊர் திரும்பியதும் ##21# போட மறக்காதீர்கள். அதுவரை உங்கள் அழைப்பெல்லாம் மேலாளருக்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.