ஓல்டு கோர்ஸா, கார்னூஸ்டியா: ஒரே ஒரு ரவுண்டு என்றால் எங்கே?

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், டே நதி முகத்துவாரத்துக்குத் தெற்கே ஓல்டு கோர்ஸ் என்ற கோல்ஃப் மைதானம் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ், வடக்கே தன் பெயரிலேயே கோல்ஃப் மைதானம் கொண்ட கார்னூஸ்டி. கோல்ஃபின் பெரிய போட்டிகளில் ஒன்றான ஓபன் 2022 வரை முதல் ஊரில் 30 முறையும், இரண்டாவதில் 8 முறையும் நடந்திருக்கிறது. இரண்டுமே பொதுமக்களும் ஆடக்கூடிய மைதானங்கள்.

இடம் கிடைப்பதில்தான் முதல் வித்தியாசம். கார்னூஸ்டியில் முன்பதிவு செய்துவிட்டு நிம்மதியாகப் போகலாம். ரயில் நிலையமும் பக்கத்திலேயே. ஓல்டு கோர்ஸில் முன்பதிவு இல்லாதவர்கள் இரண்டு நாள் முன்னதாகக் குலுக்கலில் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும்.

ஆட்டம் என்று பார்த்தால், ஓல்டு கோர்ஸ் நம்மைப் போன்ற சுமாரான ஆட்டக்காரர்களிடம் தாராளமாக நடந்துகொள்கிறது. ஒரு ரவுண்டு என்பது 18 ஹோல்கள், ஒவ்வொன்றிலும் பந்தை அடித்துக்கொண்டு போய்க் குழியில் போட வேண்டும். இங்கே முதல் ஹோலுக்கும் பதினெட்டாவதுக்கும் ஒரே அகன்ற புல்வெளி. இடதுபக்கம் எவ்வளவு விலகினாலும் பெரும்பாலும் பந்து கிடைத்துவிடும். கிரீன் என்பது குழியைச் சுற்றியுள்ள குட்டைப்புல் தரை, இங்கே ஏழு கிரீன்கள் இரட்டை. ஒவ்வொன்றையும் பகிரும் இரு ஹோல்களின் எண்களைக் கூட்டினால் 18 வரும். கிரீனுக்கு வெகு வெளியிலிருந்தே பட்டரால் (பந்தை உருட்டும் மட்டையால்) உருட்டி விடலாம், அந்த சுகம் வேறு எங்கும் இல்லை. ஆனால் 112 பங்கர்களில் (மணல் குழிகளில்) பல, முதல் அடி அடிக்கும் டீயிலிருந்து கண்ணுக்கே தெரியாது. பையைச் சுமந்து வழியும் சொல்லும் கேடி ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் காசு வீண் போகாது.

கார்னூஸ்டி மறைப்பதில்லை, மன்னிப்பதும் இல்லை. தொடர்ந்து மூன்று ஹோல்கள் ஒரே திசையில் வராததால் காற்று பழகவே விடாது. பதினாறாவது ஹோல் வெறும் பார் 3தான், அதாவது மூன்றே அடியில் முடிக்க வேண்டியது. 1975இல் அங்கே ஓபனை வென்ற டாம் வாட்சனுக்கே பிளேஆஃப் (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டம்) உட்பட ஐந்து ரவுண்டிலும் அதில் பார் கிடைக்கவில்லை! கடைசி இரண்டு ஹோல்களில் பாரி ஓடை வளைந்து வளைந்து குறுக்கிடுகிறது. 1999இல் மூன்று ஸ்ட்ரோக் (அடி) முன்னிலையோடு பதினெட்டாவதுக்கு வந்த ழான் வான் டெ வெல்ட், அந்த ஓடையிலும் இறங்கி 7 அடித்து, பிளேஆஃபில் கோப்பையை இழந்தார். 2007இல் அயர்லாந்து வீரர் பாட்ரிக் ஹாரிங்டன் அதே ஹோலில் இரண்டு முறை ஓடையில் போட்டும் பிளேஆஃபில் ஜெயித்தார்.

ஒற்றை இலக்க ஹேண்டிகேப் இருந்தால், அதாவது நன்றாக ஆடுபவர் என்றால், கார்னூஸ்டி. அதுதான் உண்மையான பரீட்சை. மற்றவர்களுக்கும் எனக்கும் ஓல்டு கோர்ஸ்தான்: ஒரே ஹோலுக்கு நாலு வழி யோசிக்க வைக்கிறது, தப்பாக யோசித்தாலும் ஆட்டம் முடிந்துவிடுவதில்லை.

சரி, நாலு நாள் இருக்கிறதா? கார்னூஸ்டியை ஒரு நாளுக்கு உறுதி செய்துவிட்டு, மீதி நாட்களுக்கு ஓல்டு கோர்ஸ் குலுக்கலில் பெயர் கொடுங்கள். ஞாயிறை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். அன்று வழக்கமாக அங்கே ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் உலாவும் பூங்கா அது.