மிஸ்ஸி அக்கா முகர்ந்து பார்க்கும் கிளினிக்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைவீதியில் இருக்கும் இந்தக் கிளினிக்கின் கண்ணாடிக் கதவில் மூன்று மொழிகளில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: சென்ட், அத்தர் பூசிக்கொண்டு வராதீர்கள், வாயில் மிட்டாய் போட்டுக்கொண்டு உள்ளே வராதீர்கள். முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நான் மணப்பெண் அலங்காரம் செய்து பிழைப்பவள். பவுடர், மல்லிகை, நகப்பூச்சு அழிக்கும் திரவம் மூன்றும் கலந்த வாசனை 14 ஆண்டுகளாக என் கையை விட்டுப் போனதில்லை. டாக்டர் கேட்டுக்கொண்டதால் கிளினிக்கின் பெயரைப் போடவில்லை. அந்தத் தாளைச் சொன்னாலே ஊர்க்காரர்களுக்கு இடம் தெரிந்துவிடும்.

என் அக்காள் மகனுக்குப் பதினேழு வயது. பெற்றோர் தோட்டத்தில் செம்பனை வேலை பார்க்கிறார்கள். பள்ளிக்கூடம் பக்கம் என்பதால் அவன் என் வீட்டில் தங்கிப் படிக்கிறான். போன ஆண்டு இரண்டு வாரத்தில் சட்டை தொளதொளத்துப் போகும் அளவுக்கு இளைத்தான். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான், இரவில் நாலைந்து தடவை எழுந்து போனான். பரீட்சைக் கவலை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வயிற்றுவலியும் வாந்தியும் தொடங்கின. வேறோர் இடத்தில் காட்டினோம். வயிற்றுப்புண் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அவன் தலையணையில் ஒரு வாசனை இருந்தது. இனிப்பும் காரமுமாக மூக்கில் ஏறும் வாசனை. என் கைதான் காரணம் என்று சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுநாளும் இருந்தது. தலையணை உறையை மாற்றினேன். நாள் முழுக்க அந்த வாசனையிலேயே இருப்பவள், அது பிள்ளையின் மூச்சிலிருந்து வருகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்றுவரை இதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

மூன்றாம் நாள் படுத்த இடத்திலேயே, ஓடிவிட்டு வந்தவன் போல ஆழமாக மூச்சு வாங்கினான். காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு இந்தக் கிளினிக்குக்கு வந்தேன். முன்னறையில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த வயதான மிஸ்ஸி (தாதியை இங்கே அப்படித்தான் அழைப்போம்) தலையைத் தூக்கிப் பார்த்தார். எழுந்து வந்து என்னைப் பார்த்து, "நீங்கள் வாசலில் நில்லுங்கள் அம்மா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நின்றேன். அவர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, பையனின் தாடையைப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். இரண்டே மூச்சுதான். உள்ளே திரும்பி, "டாக்டர், அசிட்டோன்" என்றார்.

வரிசை, எண் எதுவும் பார்க்கவில்லை. விரலில் குத்திய சொட்டு இரத்தத்தை வைத்ததும், கருவியில் எண் வராமல் 'HI' என்ற இரண்டு ஆங்கில எழுத்துதான் வந்தது. சர்க்கரை லிட்டருக்கு 33 மில்லிமோலைத் தாண்டினால் அந்தக் கருவி எண்ணைக் காட்டாதாம். சிறுநீரில் முக்கி எடுத்த சோதனைப் பட்டை கருஊதாவாக மாறியது. கையில் சலைன் ஏற்றிக்கொண்டே ஆம்புலன்சை அழைத்தார்கள். ஈப்போ பெரியாஸ்பத்திரியில் நான்கு நாள் தீவிரக் கவனிப்பு. பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

எங்கள் வீட்டில் இனிப்பு நீர் புதிதல்ல. என் அம்மாவுக்கும் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஆனால் பையனுக்கு வந்தது முதல் வகை. கணையத்தில் இன்சுலின் சுரப்பது நின்றுவிடுகிறது. இரத்தத்தில் சர்க்கரை நிறைந்து கிடந்தும் அதை எடுத்து எரிக்க முடியாமல் உடம்பு கொழுப்பை எரிக்கிறது. அதில் பிறக்கும் கீட்டோன்கள் இரத்தத்தை அமிலமாக்குகின்றன. அமிலத்தை வெளியேற்றத்தான் அந்த ஆழமான மூச்சு. 1874-இல் அதை விவரித்து எழுதிய ஜெர்மானிய மருத்துவர் குஸ்மாவுலின் பெயராலேயே இன்றும் அதை அழைக்கிறார்கள். கீட்டோன்களில் ஒன்று உடைந்து அசிட்டோனாகி மூச்சில் வந்துவிடுகிறது. நகப்பூச்சு அழிக்க என் மேசையில் புட்டியில் இருப்பதும் அதே பொருள்தான்.

இவ்வளவையும் பிறகு உட்கார வைத்துச் சொன்னவர் டாக்டர். அதைவிட என்னைத் தொட்டது அவர் சொன்ன இன்னொன்று. அவர் மூக்குக்கு அந்த வாசனை சரியாகத் தெரியாதாம். எல்லாராலும் அதை முகர்ந்து அறிய முடியாதாம். அதனால்தான் சந்தேகம் வந்தால், "மிஸ்ஸி அக்கா, கொஞ்சம் பாருங்கள்" என்று கூப்பிடுகிறார். தன்னைவிட முப்பது வயது மூத்த தாதியின் மூக்கை நம்பி, அதை நாலு பேர் முன்னால் சொல்லவும் செய்கிற மருத்துவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அக்கா முன்பு தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர். சிறுநீரகம் கெட்டவர்களின் வாயில் மூத்திர வாடை வரும், ஈரல் கெட்டவர்களிடம் இனிப்பும் பூஞ்சையும் கலந்த ஒரு வாடை வரும் என்று அங்கேதான் பழகினாராம். பூச்சிமருந்து அடித்துவிட்டு மயங்கி வருபவர்மேல் பூண்டு வாடை அடித்து, கண்மணி குண்டூசித் தலையாகச் சுருங்கி, வாயில் எச்சில் வடிந்தால், பெயர் கேட்பதற்கு முன்பே சட்டையைக் கழற்றி உடம்பைக் கழுவத் தொடங்கிவிடுவாராம்.

மறுபடி போனது நாத்தனார் மகளின் கைக்குழந்தைக்காக. பிறந்து ஐந்து நாள். ஈரத்துணியில் சீனிப்பாகு வாசனை. அக்கா குழந்தையின் உச்சியையும் துணியையும் முகர்ந்துவிட்டு தாயிடம் கேட்டார்: "வெந்தயம் எவ்வளவு சாப்பிட்டாய்?" பிரசவத்துக்கு முன்பிருந்தே வெந்தயக் களி கிண்டிக் கொடுத்திருக்கிறார்கள். புரதத்தின் சில கூறுகளை உடைக்க முடியாத ஒரு பரம்பரை நோய் உண்டு. அது வந்த குழந்தையின் சிறுநீரும் இப்படித்தான் மணக்கும். வெந்தயத்திலும் அந்த நோயிலும் மணப்பது ஒரே பொருள், சோட்டோலோன். அந்த நோயாக இருந்தால் குழந்தை சில நாள்களிலேயே பால் குடிக்காமல் துவண்டுவிடும். இது முட்டி முட்டிக் குடித்தது. என்றாலும் டாக்டர் வெந்தயத்தின் மேல் பழியைப் போட்டு அனுப்பிவிடவில்லை; இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு நல்லபடியாக வந்தது. களியை நிறுத்தியதும் வாசனையும் போய்விட்டது. "மூக்கு சொன்னதை இரத்தமும் ஒப்புக்கொள்ள வேண்டும்" என்பார் அக்கா.

ஸ்காட்லாந்தில் ஜாய் மில்ன் என்ற பெண்மணியைப் பற்றி அதன்பிறகு படித்தேன். அவரும் ஒரு மிஸ்ஸிதான். கணவருக்கு பார்க்கின்சன் நோய் கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் உடம்பு வாசனை மாறியதைக் கவனித்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் டி-சட்டைகளைக் கொடுத்து அவரைச் சோதித்தபோது, நோயில்லாதவர் ஒருவரின் சட்டையையும் நோயாளியுடையது என்றார். சில மாதங்களில் அந்த மனிதருக்கும் நோய் உறுதியானது. அதை வாசித்தபோது எனக்கு மிஸ்ஸி அக்கா குனிந்து நின்றதுதான் கண்ணில் வந்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். காத்திருப்பு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. வாசனை கெடும் என்று ஏர்கண்டிஷன் போடுவதில்லை, மதிய வெயிலில் முன்னறை வேகிறது. கைக்குழந்தையோடு வருபவர்களுக்காகவாவது தனியாக ஒரு மூலை ஒதுக்கலாம். கார் நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு. கட்டணம் நியாயம், பையனைக் கொண்டுபோன அன்று எல்லாம் சேர்த்து 65 வெள்ளிதான் வாங்கினார்கள், அதையும் மறுவாரம்தான் கேட்டார்கள்.

வரும் தீபாவளியோடு மிஸ்ஸி அக்கா வேலையிலிருந்து நிற்கிறார். இப்போது ஓர் இளம் மிஸ்ஸியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நோயாளியாக முகரச் சொல்லிக் கொடுக்கிறார். போன வாரம் பையனைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது அந்தப் பெண்தான் முதலில் குனிந்தாள். "ஒன்றும் இல்லை அக்கா" என்றாள். அக்காவும் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நான் அன்று எதுவும் பூசாமல், கையை நன்றாகக் கழுவிக்கொண்டு போயிருந்தேன்.